முறையும் முத்திரையும்

சென்ற ரமலானுக்குப் பத்து நாட்கள் இருக்கையில், தர்மபுரி மாவட்டத்து ஊரொன்றில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரின் பெயரையோ பள்ளிவாசலின் பெயரையோ எழுதுவதாயில்லை. அவ்வூரார் இதைப் படித்தால் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள், அது போதும்.

என்னிடம் ஐந்தாண்டு ஓதிய இளைஞர் ஒருவர் குர்ஆனை முழுமையாக மனனம் செய்த ஹாபிஸ். தஜ்வீத் பிசகாமல், கேட்போர் நெஞ்சம் கரையும்படி ஓதக்கூடியவர். அவரையே தராவீஹ் தொழவைக்க அமர்த்துவதென்று பேசி முடித்திருந்தார்கள். ஜமாஅத் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்தார். “ஓதுவதெல்லாம் சரி, பையனின் பிறப்பு முறையானதுதானா என்று விசாரித்தீர்களா?” என்று கேட்டார். கூட்டம் மௌனமாயிற்று. மறுநாள் வேறொரு ஹாபிஸை வெளியூரிலிருந்து வரவழைக்க ஆளனுப்பினார்கள்.

நடந்தது இவ்வளவே. அந்த இளைஞரின் தந்தை கர்நாடகத்திலிருந்து லாரி ஓட்டி வந்தவர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, பெண்வீட்டுத் திண்ணையில், ஓர் ஆலிம் குத்பா ஓத, இரண்டு சாட்சிகள் முன்னிலையில், மஹர் பேசி நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை தம் ஊர் ஜமாஅத்திலிருந்து கடிதம் கொண்டுவரவில்லை என்பதால் இவ்வூர் ஜமாஅத் தஃப்தரில் அதைப் பதிய மறுத்துவிட்டார்கள். குழந்தைக்கு மூன்று வயதானபோது அம்மனிதர் போனவர் போனவர்தான். குத்பா ஓதிய ஆலிமும் சாட்சிகளில் ஒருவரும் இன்று மண்ணுக்குள். மூன்றாண்டுக் காலம் அவர்கள் கணவன் மனைவியாய் வாழ்ந்ததைத் தெரு முழுவதும் பார்த்திருக்கிறது. அந்தத் தெருவிலிருந்துதான் இந்தக் கேள்வியும் எழுந்தது.

தஃப்தரில் ஒரு வரி இல்லை. அதனால் ஒரு மனிதனின் பிறப்பே இல்லையென்று ஆயிற்று.

இருபத்தெட்டு ஆண்டுகளாக ஃபிக்ஹு பாடம் சொல்லிக்கொடுப்பவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: எந்தக் கிதாபில் இருக்கிறது இந்தச் சட்டம்? நாம் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஹனஃபி மத்ஹபில் நிக்காஹ் நிறைவேற ஈஜாப், கபூல், இரண்டு சாட்சிகள் ஆகியவை வேண்டும். தஃப்தர் நிக்காஹின் நிபந்தனையன்று. நிக்காஹ் நடந்ததற்கும் வமிசத்துக்கும் நேரில் கண்ட சாட்சி கிடைக்காவிடில், ஊரறிந்த பேச்சை வைத்தே சாட்சி சொல்லலாம் என்று ‘ஹிதாயா’ ஆசிரியர் இடமளிக்கிறார். மற்ற வழக்குகளில் செல்லாத செவிவழிச் சாட்சியம், குழந்தையின் நஸபுக்காகச் செல்லும் என்கிறார்கள் நம் இமாம்கள். இன்னும் ஒரு படி மேலே சென்று, கணவன் கீழ்த்திசையிலும் மனைவி மேற்றிசையிலும் இருந்து, இருவரும் சந்தித்ததாக யாருக்கும் தெரியாத நிலையிலும், நிக்காஹுக்கு ஆறு மாதத்துக்குப் பின் பிறந்த குழந்தை அந்தக் கணவனுடையதே என்று எழுதிவைத்தார்கள். மாணவர்கள் இந்த மஸ்அலாவைப் படிக்கும்போது சிரிப்பது வழக்கம். நானும் என் உஸ்தாதின் முன்னால் சிரித்தவன்தான். சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்து, “இமாம்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்தாயா? ஒரு பிள்ளை தெருவில் நிற்கக்கூடாது என்று நினைத்தார்கள்” என்றார்.

கர்ப்பத்தின் மிகக் குறைந்த காலம் ஆறு மாதம் என்று வகுத்ததும் அதே நோக்கில்தான். சுமப்பதற்கும் பால்குடி மறப்பதற்கும் சேர்த்து முப்பது மாதம் என்று ஓர் ஆயத்தும், பால்குடிக்கு இரண்டாண்டு என்று மற்றோர் ஆயத்தும் கூறுவதைக் கழித்துப் பார்த்து, ஆறு மாதத்தில் பிரசவித்த ஒரு பெண்ணைத் தண்டனையிலிருந்து ஸஹாபாக்கள் காப்பாற்றினார்கள். சந்தேகம் என்று ஒன்று வந்தால் அதைக் குழந்தையின் பக்கமே சாய்ப்பது நம் சட்டத்தின் இயல்பு. சந்தேகத்தைக் குழந்தையின் தலையில் கொட்டுவது நம் ஜமாஅத்தின் இயல்பாகிவிட்டது.

கூட்டத்தில் எழுந்த பெரியவருக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். கற்புள்ள பெண்ணின்மீது பழி சொல்லி, நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடி என்றும், அவன் சாட்சியம் அதற்குப் பின் ஏற்கத்தக்கதன்று என்றும் அந்நூர் அத்தியாயம் கூறுகிறது. மகனின் பிறப்பைக் கேட்பது தாயின் கற்பைக் கேட்பதன்றி வேறென்ன? மர்யம் (அலை) அவர்களின்மீது ஒரு கூட்டம் சொன்ன சொல்லை அல்லாஹ் மாபெரும் அவதூறு என்றான். அந்தக் கூட்டத்தாரும் தங்களை ஒழுக்கத்தின் காவலர்களாகத்தான் எண்ணிக்கொண்டார்கள்.

சரி, ஒரு வாதத்துக்காக அவர் சொன்னது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். தந்தை அறியப்படாத ஒருவர் இமாமத் செய்வது மக்ரூஹ் என்று நம் கிதாபுகளில் இருப்பது உண்மைதான். அதை மறைக்க நான் வரவில்லை. ஆனால் அவ்வரியை ஓதியவர்கள் அடுத்த வரியையும் ஓதவேண்டும். கற்பித்து வளர்க்கத் தந்தையில்லாததால் அறியாமை மிகுந்திருக்கும் என்பதே அங்கு சொல்லப்பட்ட காரணம். காரணம் நீங்கினால் ஹுக்மும் நீங்கும் என்பது உஸூலின் அரிச்சுவடி. கூட்டத்தில் இருந்தவர்களில் அந்த இளைஞரைவிடக் குர்ஆனை அறிந்தவர் யார்?

ஸாலிம் (ரலி) அவர்களின் வரலாற்றை நம் மேடைகளில் அதிகம் பேசக் கேட்பதில்லை. அவர்கள் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர்கள். அபூ ஹுதைஃபா (ரலி) அவர்களைத் தம் மகனாக வளர்த்தார்கள். வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையரின் பெயராலேயே அழையுங்கள், தந்தையரை அறியாவிடில் அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள் என்ற கட்டளை அல்அஹ்ஸாப் அத்தியாயத்தில் இறங்கியபோது, ஹாரிஸாவின் மகன் ஜைது (ரலி) தம் தந்தையின் பெயருக்குத் திரும்பினார்கள். ஸாலிமுக்குத் திரும்ப ஒரு பெயர் இல்லை. அதனால் அவர்கள் அபூ ஹுதைஃபாவின் மவ்லா ஸாலிம் என்றே அழைக்கப்பட்டார்கள். முதல் முஹாஜிர்கள் குபாவில் தங்கியிருந்தபோது அவர்களுக்குத் தொழவைத்தவர் இந்த ஸாலிம் என்று புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது. பின்னால் நின்று தொழுதவர்களில் உமர் (ரலி) அவர்களும் ஒருவர். குறைஷிப் பெருங்குடியினர் அத்தனை பேர் இருக்க, ஸாலிம் முன்னின்ற காரணம், குர்ஆனை அவர் கூடுதலாக அறிந்திருந்தார் என்பது. யமாமாப் போரில் கொடியைப் பிடித்தவாறே ஷஹீதானார்கள். பல்லாண்டுகளுக்குப் பின் உமர் (ரலி) மரணப் படுக்கையில், ஸாலிம் உயிரோடிருந்தால் அவரையே கலீபாவாக நியமித்திருப்பேன் என்ற கருத்தில் பேசியதாகத் தபரீ எழுதுகிறார். தந்தை பெயர் அறியப்படாதவர் இஸ்லாமிய சாம்ராஜ்யத்தின் தலைமைக்கு எண்ணப்பட்டார். இங்கோ இருபது ரக்அத்துக்கு ஆகாதவராகிவிட்டார் ஒருவர்.

இதற்கு நேர்மாறான காட்சியும் நம் வரலாற்றில் உண்டு. அரபு இலக்கியம் படித்தவர்கள் ஜியாத் இப்னு அபீஹியை அறிவார்கள். அப்பெயருக்குப் பொருள் ‘தன் தந்தையின் மகன் ஜியாத்’ என்பது. தந்தை யாரென்று சொல்ல மனமில்லாத ஊர் சூட்டிய பெயர். தாய் ஸுமையா ஓர் அடிமைப் பெண். உபைத் என்ற அடிமைக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டிருந்தாள் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். ஜியாதின் நிர்வாகத் திறனும் நாவன்மையும் தமக்கு வேண்டியிருந்தபோது, ஹிஜ்ரி 44இல் முஆவியா (ரலி) அவர்கள் சாட்சிகளை வரவழைத்து, இவர் என் தந்தை அபூ ஸுஃப்யானின் மகன் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஜியாத் பஸ்ராவின் கவர்னர். ஹிஜ்ரி 160 வாக்கில் அப்பாஸியக் கலீபா மஹ்தி, ஜியாதின் சந்ததியாரைக் குறைஷிப் பதிவேட்டிலிருந்து நீக்கும்படி ஆணையிட்டார். ஓர் ஆட்சி கொடுத்த பாட்டனை இன்னோர் ஆட்சி பிடுங்கிக்கொண்டது. நூறாண்டுக்கு மேல் கழிந்த பின், உயிரோடில்லாதவரின் பிறப்பு திருத்தி எழுதப்பட்டது!

ஆட்சி சூட்டிய பட்டம், ஊர் சூட்டிய ஏளனம் இரண்டுமே மார்க்கத்துக்கு மாறானவை என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். மணவுறவில் பிறந்த குழந்தை அந்தக் கணவனுக்கே உரியது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த விதி. அவ்விதிப்படி ஜியாத் உபைதின் மகன். அவருக்குத் தந்தை இல்லாமலில்லை. ஆனால் அடிமையை ஒரு தந்தையாக எண்ண ஊருக்கும் மனமில்லை, அரசுக்கும் மனமில்லை.

ஜியாதைப் புகழ்வதற்கு இதை எழுதவில்லை. அவருடைய கொடுமை பெரிது. அவர் மகன் உபைதுல்லாஹ் கர்பலாவுக்குப் படை அனுப்பியவன். அவர்கள் நிந்தனைக்குரியவர்களானால் தங்கள் செயலால்தான், பாட்டியின் பெயரால் அல்ல. அவருடைய பஸ்ரா சொற்பொழிவு, இறைபுகழ் இன்றித் தொடங்கியதால் ‘வாலறுந்தது’ என்று பெயர் பெற்றது. ஜாஹிழ் அதைத் தம் ‘அல்பயான் வத்தப்யீன்’ நூலில் பாதுகாத்து வைத்திருக்கிறார். அரபுச் சொல்வன்மைக்கு மாதிரியாக இன்றளவும் மாணவர்கள் அதைப் பயில்கிறார்கள். குர்ஆனுக்கு உயிர்க்குறி இடும்படி அபுல் அஸ்வத் துஅலியைத் தூண்டியவர் ஜியாதே என்றும் ஒரு மரபு உண்டு. பிறப்பைப் பார்த்துத்தான் ஏற்போம் என்பவர்கள், தாங்கள் ஓதும் குர்ஆனின் ஸபர், ஸேர், பேஷ் எங்கிருந்து வந்தன என்பதையும் விசாரிக்கத்தானே வேண்டும்?

அரபு நாடு வரை போகவும் வேண்டியதில்லை. நாம் வாழும் இந்த மண்ணின் கதையே இதுதான். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பாரமஹால், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. அலெக்ஸாண்டர் ரீடு நிலமளக்க வந்தார். அவருக்குக் கீழ் வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இங்கிருந்து, நம் தர்மபுரியில் தோட்டம் போட்டு வாழ்ந்தார். அந்த 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு களத்தில் மாண்டார். அதற்குப் பின் கம்பெனியார் ஒரு நியாயம் சொன்னார்கள்: ஹைதரும் திப்புவும் அபகரித்தவர்கள், முறையான அரசமரபினரான உடையாருக்கு அரியணையை மீட்டுத் தருகிறோம் என்றார்கள். ஐந்து வயதுக் குழந்தையான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் அமர்த்தினார்கள். கம்பெனி அதிகாரியான மார்க் வில்க்ஸ் எழுதிய வரலாறு முதல் இன்றைய மேடைப் பேச்சு வரை ‘அபகரித்தவர்’ என்ற சொல் ஓயவில்லை.

ஹைதர் அபகரிக்கவில்லையா? அபகரித்தார். அதில் மழுப்ப ஒன்றுமில்லை. நாயக்கராகப் படையில் பணிபுரிந்தவரின் மகன், 1761இல் மைசூர் அதிகாரத்தைக் கைப்பற்றினார். ஆனால் யாரிடமிருந்து? அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பிருந்தே உடையார் மன்னர்கள் தளவாய்களின் கையில் பொம்மைகளாயிருந்தனர். தளவாய் அபகரித்ததை ஹைதர் அபகரித்தார். ஹைதர் உடையாரை நீக்கவுமில்லை. தசராவில் மன்னரைக் கொலுவிருத்தித் தாம் ஆண்டார். 1796இல் உடையார் ஒருவர் இறந்தபோதுதான் திப்பு அடுத்தவரை அமர்த்தாமல் விட்டார்.

இப்போது நீதிபதியைப் பாருங்கள். மிளகும் துணியும் வாங்க வந்த வியாபாரக் கம்பெனி ‘முறையான அரசர் யார்’ என்று தீர்ப்பளிக்கிறது! தான் முறையென்று கூறிய அதே உடையாரிடமிருந்து 1831இல் நிர்வாகத்தைப் பறித்துக்கொண்டது. பறித்தவர்களுக்கு ஐம்பதாண்டு ஆயிற்று, 1881இல் திருப்பித் தர. இடையில் அம்மன்னர் 1865இல் ஒரு குழந்தையைத் தத்தெடுத்தார். அத்தத்து செல்லாது என்றார்கள். 1867இல் செல்லும் என்றார்கள். ஸதாராவில் 1848இல் தத்துப்பிள்ளை வாரிசாகமாட்டான், ஜான்ஸியிலும் ஆகமாட்டான், மைசூரில் ஆவான். குழந்தை மாறவில்லை, சாஸ்திரம் மாறவில்லை. கம்பெனியின், பின்னர் ராணியின் சௌகரியம் மாறியது. திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் அடைத்து, 1806 ஜூலைக் கிளர்ச்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வாரிசுகளே அல்ல என்றால் அவர்களைக் கண்டு அஞ்சியது ஏனோ!

நம்மவருக்கும் இந்த முத்திரைப் பசி இல்லாமலில்லை. திப்பு 1786இல் கான்ஸ்டாண்டினோபிளுக்குத் தூதுக்குழு அனுப்பினார். அவர் நாடிய உதவிகளோடு, தம் ஆட்சிக்குக் கலீபாவின் அங்கீகாரம் பெறுவதும் ஒரு நோக்கம். கப்பல்களில் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. ஒரு முத்திரைக்கு அத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்தது எனக்கு உவப்பாயில்லை. நம் ஃபுகஹாக்கள் இவ்விஷயத்தில் நேர்மையானவர்கள். புவைஹிகள் பாக்தாதை ஆட்டிவைத்த காலத்தில் வாழ்ந்த மாவர்தீ, பலத்தால் பிடித்த ஆட்சியைப் பற்றித் தனியாகவே எழுதினார். மார்க்கச் சட்டத்தையும் மக்களின் உரிமைகளையும் காப்பானாயின் அவனுக்கு அனுமதி வழங்கலாம் என்று நிபந்தனை வைத்தார். இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் கெய்ரோவின் காழீ இப்னு ஜமாஆ, வாள் பிடித்தவனே இமாம் என்கிற அளவுக்கு இறங்கிவிட்டார். மாவர்தீ அளவாவது நாம் நிற்கலாம். ஆட்சி எப்படி வந்தது என்பதோடு, வந்தபின் என்ன செய்தது என்பதையும் கேட்டார் அவர். கம்பெனி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நம் ஜமாஅத்தும் கேட்கவில்லை.

இலக்கியத்திலும் இதே வழக்குத்தான். 1572இல் மதுரையில் அரங்கேறிய ‘ஆயிர மஸலா’ தொடங்கி, உமறுப் புலவரின் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட சீறாப்புராணம், குணங்குடி மஸ்தான் சாகிபு, தக்கலை பீர்முகம்மது அப்பா என்று நீளும் பரம்பரைக்குப் பொதுவான தமிழிலக்கிய வரலாறுகளில் கிடைக்கும் இடம் எது? கடைசி அத்தியாயத்துக்கு முந்திய சில பக்கங்கள். சித்தி வீட்டுப் பிள்ளைக்குத் திண்ணையில் இலை போடுவதுபோல. கிஸ்ஸா, மஸ்அலா, நாமா, முனாஜாத்து ஆகியவை பாட்டியல் நூல்களில் சொல்லப்படாத வகைகள். ஆகவே முறையான பிரபந்தங்கள் அல்லவாம். புராணம் என்ற சொல் எந்தத் தமிழ்த்தாய் பெற்றது? வடமொழியிலிருந்து வந்த பிள்ளை முறைப்பிள்ளை, அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த பிள்ளை முறையற்றதா? 1973இல் திருச்சியில் உலக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூட்டியும், ம.மு. உவைஸ் அவர்களும் பீ.மு. அஜ்மல்கான் அவர்களும் மதுரைப் பல்கலைக்கழகத்திலிருந்து தொகுதி தொகுதியாக வரலாறு எழுதிக் கொடுத்தும், அந்தத் திண்ணை இலை கூடத்துக்குள் வரவில்லை.

இதே தமிழுலகில் நம்மவர் செய்த சாட்சியம் ஒன்றையும் சொல்லவேண்டும். இராமலிங்க அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்று 1867இல் அச்சேறியபோது, அவை அருட்பா அல்ல, மருட்பா என்று ஆறுமுக நாவலர் தரப்பார் எழுந்தனர். வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அடிகள் மறைந்த பின்னும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரைவேற் பிள்ளை அச்சண்டையை மீண்டும் மூட்டினார். அப்போது அருட்பாவின் பக்கம் நின்று வாதாடியவர்களில் ஒருவர் இடலாக்குடி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். சைவப் பெரியாரின் பாடல் முறையான அருட்பாடல் என்பதற்கு, சீறாப்புராணத்துக்கு உரையெழுதிய முஸ்லிம் புலவர் வழக்குரைத்தார். மருட்பா என்றவர்களுக்கும் சைவ மடங்களின் முத்திரை துணையிருந்தது. இன்று அருட்பாவின் முறைமையை யாரும் கேட்பதில்லை. பாவலரின் சொந்த வீட்டு நூல்கள் மட்டும் இன்னும் திண்ணையில்!

வெளியாரை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. நம்மிலேயே ஒரு சாரார், உர்தூவில் எழுதப்பட்டாலன்றி மார்க்க நூலாக மதிக்கமாட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் இவர்கள் மிகுதி. இன்னொரு சாரார், அரபு நாட்டில் மருத வயலையும் வாளைமீனையும் பாடிய குற்றத்துக்காக உமறுப் புலவரைத் தள்ளுகிறார்கள். நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் பரணில் செல்லரிப்பதைப் பற்றி இருவருக்கும் கவலையில்லை. தமிழுக்கு நாம் முறைப்பிள்ளைகள் இல்லை என்று பிறர் சொன்னால் கொதிக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளையை நாமே பதிவேட்டிலிருந்து அடிக்கிறோம்.

பதிவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்கவேண்டாம். 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியதை நான் வரவேற்றவன். கைவிட்டுப் போகும் ஆணுக்கு எதிராக ஒரு பெண்ணின் கையில் இருக்கும் ஆயுதம் அது. அவளைக் காக்கவேண்டிய ஏட்டை அவள் மகனுக்கு எதிராகப் புரட்டுவதைத்தான் கண்டிக்கிறேன். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112ஆவது பிரிவு, செல்லுபடியாகும் மணவுறவு நிலைத்திருக்கையில் பிறந்த குழந்தை அந்தக் கணவனுக்குரியதே என்று உறுதியாகக் கொண்டது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் 116ஆவது பிரிவாக அது தொடர்கிறது. வெள்ளையன் எழுதிய சட்டமும் அதற்குப் பின் வந்த சட்டமும் குழந்தையின் பக்கம் நிற்கின்றன. ஹிதாயா நிற்கிறது. நிற்காதது நம் கூட்டம் ஒன்றே. அன்று கடிதமில்லை என்று பதிய மறுத்தது யார்? பதிவில்லை என்று இன்று குற்றம் சாட்டுவது யார்? இரண்டும் ஒரே தஃப்தர்.

அந்த இளைஞர் என்னைப் பார்க்க வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார். “ஹஜ்ரத், இந்தப் பேச்சு அம்மாவின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.” அது முன்பே போய்விட்டிருந்தது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. ரமலான் முழுவதும் அவர் என் வீட்டுக் கூடத்தில் தராவீஹ் தொழவைத்தார். நாங்கள் பதினோரு பேர் பின்னால் நின்றோம். என் மனைவியும் அண்டை வீட்டுப் பெண்களும் உள்ளறையில் நின்றார்கள். இருபத்தேழாம் இரவில் அவர் தாயாரும் வந்திருந்தார்.

வருகிற ஷஅபானில் அந்த ஜமாஅத் மீண்டும் கூடும். அன்றைய நிக்காஹுக்குச் சாட்சியாக இருந்தவர்களில் உயிரோடுள்ள ஒருவரின் வாக்குமூலத்தையும், தெருவாசிகள் ஒன்பது பேரின் கையெழுத்தையும் இணைத்து, அத்திருமணத்தைத் தஃப்தரில் ஏற்றும்படி முத்தவல்லிக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.